செயல்முறைப் படங்களில் ஆன்டாலஜிக் கருத்துருக்களை ஏற்றும் கருவிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படத்தில் கருத்துருவை ஏற்றுவது என்றால் என்ன?

ஒரு நிறுவனத்தின் மூன்று கிளைகள் தங்கள் கொள்முதல் நடைமுறையைத் தனித்தனியே படமாக வரைகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு படத்தில் ஒரு கட்டத்துக்குள் "பில் சரிபார்ப்பு" என்று இருக்கிறது. அதே வேலைக்கு அடுத்த கிளை "இன்வாய்ஸ் ஒப்புநோக்கல்" என்று எழுதியிருக்கிறது. மூன்றாவது கிளையில் பழைய அரசு அலுவலகப் பழக்கம் விடாத ஒருவர் "பட்டியல் தணிக்கை" என்று எழுதிவிட்டார். மூன்றும் ஒன்றுதான் என்பது நமக்குத் தெரியும். கணினிக்கோ அவை மூன்று வெவ்வேறு எழுத்துக்கோவைகள். போதாக்குறைக்கு நாலாவது படம் ஒன்றில் "பட்டியல் தயாரித்தல்" என்று இருக்கிறது; அங்கே பட்டியல் என்பது பில் இல்லை, வாங்க வேண்டிய சாமான்களின் வரிசை.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, பொதுவான ஓர் அகராதியில் (இதைத்தான் ஆன்டாலஜி என்கிறார்கள்) "விற்பனையாளர் பில்லைச் சரிபார்த்தல்" என்று ஒரு கருத்துருவை வைத்து, அதற்கு நிலையான ஓர் இணைய முகவரியைக் கொடுத்து, முதல் மூன்று கட்டங்களையும் அந்த முகவரியோடு முடிச்சுப் போடுகிறோம். கட்டத்தின் பெயரை யாரும் மாற்ற வேண்டியதில்லை. இந்த முடிச்சைப் போடவும், பாதுகாக்கவும், பிறகு அதை வைத்துக் கேள்வி கேட்கவும் உதவுபவையே இந்தப் பக்கத்தில் பேசப்படும் கருவிகள்.

பிபிஎம்என் படத்தில் குறிப்பு எழுதும் வசதி ஏற்கெனவே இருக்கிறதே?

இருக்கிறது. பிபிஎம்என் என்பது செயல்முறைகளை வரைவதற்கான குறியீட்டு முறை. அதன் 2.0 பதிப்பை, மென்பொருள் தரங்களை வகுக்கும் ஓஎம்ஜி அமைப்பு 2011 ஜனவரியில் வெளியிட்டது; 2013இல் அது ஐஎஸ்ஓ தரமும் ஆனது. அதில் எந்தக் கட்டத்தோடும் ஓர் உரைக்குறிப்பை ஒட்டலாம். ஆனால் அது மனிதர் படிப்பதற்கான துண்டுச்சீட்டு. அதில் என்ன எழுதினாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

இத்தாலியின் டிரென்டோ நகரில் உள்ள எஃப்பிகே ஆய்வு நிறுவனத்தார் இதே துண்டுச்சீட்டைச் சாமர்த்தியமாகப் பயன்படுத்தினார்கள். உரைக்குறிப்பின் தொடக்கத்தில் @ குறி இருந்தால் அதன் பின்னால் வருவது ஆன்டாலஜிக் கருத்துருவின் பெயர் என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். வரைபவருக்குப் புதிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. எளிமை என்றால் இதுதான். ஆனால் கட்டத்துக்குக் கட்டம் ஒரு சீட்டு தொங்கினால் படம் திருவிழாக் கடைத்தெரு மாதிரி ஆகிவிடும்.

ஆன்டாலஜி என்ற சொல்லைக் கேட்டாலே பயமாக இருக்கிறது. அவசியம் தேவையா?

தத்துவத்திலிருந்து கடன் வாங்கிய பெயர் என்பதால் வரும் பயம் அது. ஒரு துறையில் என்னென்ன பொருள்கள் உண்டு, அவற்றுக்கிடையே என்ன உறவு என்பதைக் கணினி படிக்கும்படி எழுதி வைப்பதுதான் ஆன்டாலஜி. எழுதும் மொழிகளில் கனமானது ஓடபிள்யூஎல். ஆங்கிலத்தில் ஆந்தையைச் சொல்வதுபோலவே அதை உச்சரிப்பார்கள். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக 2004இல் வந்தது, 2009இல் இரண்டாம் பதிப்பு. எளியது எஸ்கேஓஎஸ், 2009இல் வந்தது: ஒரு கருத்துருவுக்கு முதன்மைப் பெயர், மாற்றுப் பெயர்கள், அதைவிட விரிந்தது எது, குறுகியது எது, அவ்வளவுதான்.

என் கருத்தில் பத்தில் எட்டுப் பேருக்கு எஸ்கேஓஎஸ் போதும். தருக்க விதிகளைக் கணினி தானே சோதிக்க வேண்டும் என்ற தேவை வரும்போது ஓடபிள்யூஎல் பக்கம் போகலாம். முதல் நாளே அங்கே போனவர்கள் பலர் ஆன்டாலஜியை எழுதிக்கொண்டே இருந்தார்கள், படத்துக்கு வந்து சேரவேயில்லை.

சில கட்டுரைகளில் "பிபிஎம்என் ஆன்டாலஜி" என்கிறார்கள், சிலவற்றில் "துறை ஆன்டாலஜி" என்கிறார்கள். எது எது?

பிபிஎம்என் ஆன்டாலஜி வரைமொழியின் இலக்கணத்தைச் சொல்கிறது: கட்டம் என்றால் என்ன, வாயில் (பாதை பிரியும் அல்லது சேரும் இடம்) என்றால் என்ன, அம்பு எங்கிருந்து எங்கே போகலாம். துலூஸ் நகரின் ஐரிட் ஆய்வகத்தார் 2019இல் முன்வைத்த பிபிஓ இந்த வகை. எஃப்பிகே குழுவினரும் இப்படி ஒன்றைச் செய்தார்கள். துறை ஆன்டாலஜி உங்கள் தொழிலின் பொருள்களைச் சொல்கிறது: பில், விற்பனையாளர், ஒப்புதல். குறிப்பேற்றம் என்பது முதலாவதன் உறுப்பை இரண்டாவதன் கருத்துருவோடு கட்டுவது. இரண்டும் இருந்தால்தான் "ஒப்புதல் வகையைச் சேர்ந்த எந்தக் கட்டத்துக்கு முன்னால் சரிபார்த்தல் வகைக் கட்டம் இல்லை?" என்று கேட்க முடியும். இதில் "முன்னால்" என்பது படத்தின் இலக்கணம், "ஒப்புதல்" என்பது தொழிலின் பொருள்.

இதற்கென்றே உருவான கருவிகள் எவை?

நிறைய வந்தன. பெரும்பாலானவை ஆய்வுத் திட்டத்தோடு பிறந்து, நிதி தீர்ந்ததும் உறங்கிவிட்டன.

2006 முதல் 2009 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் நடந்த சூப்பர் என்ற திட்டம் இவற்றில் பெரியது. செயல்முறை மேலாண்மை முழுவதையும் ஆன்டாலஜி மேல் தூக்கி வைப்பது அதன் கனவு. எக்லிப்ஸ் என்ற நிரலாக்கத் தளத்தின் மேல் கட்டிய டபிள்யூஎஸ்எம்ஓ ஸ்டுடியோ அந்த வட்டாரத்தின் கருவி. ஜெர்மானிய மென்பொருள் நிறுவனமான எஸ்ஏபியின் ஆய்வுப் பிரிவு மேஸ்ட்ரோ என்ற வரைகருவியைச் செய்தது. நார்வேயின் டிரான்ட்ஹெய்ம் நகரில் உள்ள என்டிஎன்யூ பல்கலைக்கழகத்தில் யுன் லின் 2008இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வில் புரோ-சீட் என்ற கருவி வந்தது. எஃப்பிகேயின் மோக்கி வேறு தினுசு: அது ஒரு விக்கி. படம் தெரிந்தவரும் ஆன்டாலஜி தெரிந்தவரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து எழுதலாம் என்பது அதன் யோசனை. எனக்கு இந்த யோசனை இன்றும் பிடிக்கும், ஏனென்றால் இந்த வேலையில் உண்மையான தடை, அந்த இரண்டு பேரும் ஒரே ஆள் அல்ல என்பதுதான்.

வரைகருவிகளைக் கட்ட உதவும், வியன்னாவில் பிறந்த அடோஎக்ஸ்எக்ஸ் தளத்தின் மேல் ஹான்ஸ்-கியார்க் ஃபில் உருவாக்கிய செம்ஃபிஸ், நிதானமான கருவி. சுவிட்சர்லாந்தின் எஃப்எச்என்டபிள்யூ பல்கலைக்கழகத்தில் உருவான அவோமே, படம் வரையும்போதே ஆன்டாலஜியையும் சேர்த்து மாற்றுகிறது. இவை இரண்டும் அடுத்த கேள்விக்கு நேர் எதிரான விடைகள் தருபவை.

குறிப்பை எங்கே சேமிப்பது?

கருவி வாங்கும்போது யாரும் கேட்காத கேள்வி இது. இரண்டு வருடம் கழித்து எல்லோரும் கேட்பார்கள்.

முதல் வழி, படக் கோப்புக்குள்ளேயே வைப்பது. பிபிஎம்என் 2.0 கோப்பு எக்ஸ்எம்எல், அதாவது குறிச்சொற்களால் ஆன உரைக்கோப்பு. அதில் ஒவ்வொரு உறுப்புக்கும் "நீட்சி" என்று ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே நீங்கள் விரும்பியதை எழுதலாம். படம் போகும் இடமெல்லாம் குறிப்பும் கூடவே போகும். கேட்க நன்றாக இருக்கிறது. ஒருமுறை எழுபதுக்கு மேற்பட்ட கட்டங்களில் குறிப்பேற்றிய ஒரு கோப்பை உடன் வேலை செய்த ஒருவருக்கு அனுப்பினேன். அவர் அதை வேறொரு வரைகருவியில் திறந்து, ஒரே ஓர் அம்பை நகர்த்தி, சேமித்துத் திருப்பி அனுப்பினார். படம் அழகாக இருந்தது. குறிப்பு ஒன்றுகூட இல்லை. அந்தக் கருவி தனக்குத் தெரியாத நீட்சிகளைச் சத்தமில்லாமல் துடைத்துவிட்டிருந்தது. "இந்த நீட்சியைப் புரிந்துகொண்டே ஆக வேண்டும்" என்று சொல்வதற்கும் தரத்தில் ஒரு பண்பு உண்டு. எல்லாக் கருவிகளும் அதை மதிக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். எந்தக் கருவியை வாங்கினாலும் முதல் நாளே இந்தச் சோதனையைச் செய்யுங்கள்: குறிப்போடு ஒரு கோப்பு, உள்ளே போய் வெளியே வரட்டும், முன்பும் பின்பும் ஒப்பிடுங்கள்.

இரண்டாம் வழி, குறிப்பைத் தனிக் கோப்பில் வைப்பது. செம்ஃபிஸ் இப்படித்தான்: ஒருபுறம் படம், மறுபுறம் ஆன்டாலஜி, நடுவில் இரண்டையும் சுட்டும் குறிப்பு மாதிரி. படத்தையும் தொட மாட்டோம், ஆன்டாலஜியையும் தொட மாட்டோம். ஒரே படத்துக்கு இரண்டு விதமான குறிப்புகள் தேவைப்பட்டாலும் (தணிக்கைக்கு ஒன்று, செலவுக் கணக்குக்கு ஒன்று) இது தாங்கும். ஆபத்து அடையாள எண்ணில் இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் கோப்புக்குள் ஓர் அடையாள எண் உண்டு. நடுக் கோப்பு அதைத்தான் சுட்டுகிறது. வரைபவர் ஒரு கட்டத்தை அழித்து அதே இடத்தில் அதே பெயரில் மறுபடி வரைந்தால், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. எண் புதியது, முடிச்சு அறுந்தது. ஆகவே அனாதையான குறிப்புகளைத் தேடும் ஒரு சிறு நிரலை இரவுதோறும் ஓட விடுவது நல்லது. முதல் வழியிலும் இதற்கு ஒரு தம்பி உண்டு: கட்டத்தை நகலெடுத்து ஒட்டிப் பெயரை மாற்றினால், பழைய குறிப்பும் கூடவே ஒட்டிக்கொண்டு வரக்கூடும். அது அறுந்த முடிச்சைவிட மோசம், ஏனென்றால் அது பார்வைக்குச் சரியாகத் தெரியும் பொய்.

மூன்றாம் வழி, படத்தையே ஆன்டாலஜியில் வைப்பது. அவோமே பக்கம் இது. படம் வேறு, பொருள் வேறு என்ற பிரிவே இல்லை. அறுந்துபோவதற்கு முடிச்சும் இல்லை. ஆனால் அந்தக் கருவியை விட்டு வெளியே வருவது கடினம், நிறுவனத்தில் ஏற்கெனவே இருக்கும் முந்நூறு படங்களையும் உள்ளே கொண்டுபோக வேண்டும்.

எனக்கு ஒரே ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இரண்டாவது. காரணம் தொழில்நுட்பம் அல்ல. படம் ஒரு துறையின் சொத்தாகவும் ஆன்டாலஜி இன்னொரு துறையின் சொத்தாகவும் இருப்பதுதான் அலுவலகங்களின் இயல்பு. இரண்டாம் வழி அந்தச் சண்டைக்குள் போகாது.

இன்றைக்கே தொடங்க வேண்டும். எதை எடுக்கட்டும்?

காசில்லாமல் தொடங்கலாம். ஆன்டாலஜிக்கு புரோட்டேஜே. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1980களின் இறுதியில் மார்க் மியூசன் தொடங்கிய கருவி, இன்றும் உயிரோடு இருக்கிறது, இலவசம். படத்துக்கு பெர்லினின் கமுண்டா நிறுவனம் வெளியிடும் மாடலர். அதற்குள் இருப்பது பிபிஎம்என்-ஜேஎஸ் என்ற திறந்த நிரல் நூலகம்.

நிரல் எழுதத் தெரியாதவர்கள் கமுண்டாவின் "உறுப்பு வார்ப்புரு" வசதியைப் பயன்படுத்தலாம். ஒரு ஜேசன் கோப்பில் (எளிய உரைவடிவத் தரவுக் கோப்பு) உங்கள் கருத்துருக்களின் பெயர்களையும் முகவரிகளையும் வரிசையாக எழுதி வைத்தால், கட்டத்தைச் சொடுக்கும்போது பக்கத்துப் பலகையில் அவை கீழிறங்கு பட்டியலாக வரும். தேர்ந்தெடுத்தது கோப்புக்குள் பண்பாகப் பதிவாகும். கருத்துருக்கள் ஐம்பது அறுபது வரை இது அருமை. அதற்கு மேல் போனால் தேடித் தேடிக் கண் வலிக்கும். அப்போது தேடல் பெட்டியோடு ஒரு செருகுநிரல் எழுத ஆள் வேண்டும். இது முதல் வழிதானே, இரண்டாவதைப் பரிந்துரைத்தீர்களே என்று கேட்பீர்கள். இதில் தொடங்கி, பதிவான குறிப்புகளை ஒவ்வொரு நாளும் ஆர்டிஎஃப் ஆக (எது, என்ன உறவு, எதோடு என்று மூன்று மூன்றாகத் தரவை எழுதும் வடிவம்) வெளியே எடுத்து வைத்துக்கொண்டால் இரண்டாம் வழிக்குத் தானாக வந்துவிடுவீர்கள். பைதானில் ஆர்டிஎஃப்லிப் நூலகம் அதற்குப் போதும். சேமிக்கவும் ஸ்பார்க்கிள் மொழியில் கேள்வி கேட்கவும் அப்பாச்சி ஜீனா ஃபுசேக்கி என்ற சேவையகம் இருக்கிறது.

ஒரு கட்டம் எந்தக் கருத்துருவோடும் சரியாகப் பொருந்தாவிட்டால்?

பொருந்தாது. அது விதிவிலக்கு அல்ல, அன்றாடம். "பில்லைச் சரிபார்த்துப் பதிவு செய்" என்ற ஒரே கட்டத்தில் இரண்டு கருத்துருக்கள் இருக்கின்றன. "அவசர பில் சரிபார்ப்பு" உங்கள் கருத்துருவின் ஒரு வகை மட்டுமே. முடிச்சுக்கு ஒரே நிறம் கொடுத்தால் எல்லாம் "சமம்" என்று ஆகிவிடும்.

இதை உயிரியல்காரர்கள் நமக்கு முன்பே தீர்த்துவிட்டார்கள். செல்லுக்குள் நடக்கும் வினைகளை அவர்களும் மாதிரிகளாக எழுதுகிறார்கள், எஸ்பிஎம்எல் என்ற வடிவில். அந்த மாதிரியின் ஒவ்வொரு உறுப்பையும், மரபணுக்களின் வேலைகளை வகைப்படுத்தும் ஜீன் ஆன்டாலஜி போன்றவற்றோடு இணைக்க 2005இல் மிரியம் என்ற நெறிமுறையை வகுத்தார்கள். இணைப்பு எந்த வகை என்பதையும் சேர்த்தே சொல்ல அதில் வழி உண்டு: "அதுவேதான்", "அதன் ஒரு வடிவம்", "அதைப் பகுதியாகக் கொண்டது" என்று. இங்கிலாந்தின் ஹின்க்ஸ்டனில் உள்ள ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனத்தின் பயோமாடல்ஸ் தரவுத்தளத்தில் இப்படிக் குறிப்பேற்றிய மாதிரிகள் இன்றும் பயன்படுகின்றன. நம் பக்கத்துக் கருவிகள் உறங்கிப்போக, அவர்களுடையது ஏன் நிலைத்தது? சம்பளம் வாங்கிக்கொண்டு குறிப்பேற்றும் ஆட்களை அவர்கள் வைத்திருந்தார்கள். அலுவலகங்களிலோ இது எப்போதும் யாரோ ஒருவரின் வெள்ளிக்கிழமை மாலை வேலை.

கருவியே தானாகக் குறிப்பேற்றாதா?

பாதி ஏற்றும். ஹென்ரிக் லியோபோல்டும் உடனாய்வாளர்களும் 2015இல் இதைச் சோதித்தார்கள். ஏபிக்யூசி என்ற அமெரிக்க அமைப்பு தொழில்களின் செயல்பாடுகளை ஐந்து அடுக்குகளாக வகைப்படுத்தி வைத்திருக்கிறது. அந்த வகைகளைப் படங்களின் கட்டங்களில் தானாக ஏற்றிப் பார்த்தார்கள். கட்டத்தின் பெயரை மட்டும் பார்க்காமல், அக்கம்பக்கத்துக் கட்டங்களுக்கு என்ன வகை கிடைத்தது என்பதையும் மார்க்கோவ் தருக்கம் (தருக்க விதிகளோடு நிகழ்தகவைச் சேர்க்கும் முறை) மூலம் சேர்த்து எடைபோட்டது அவர்களுடைய முறை. நல்ல யோசனை: "பட்டியல் தயாரித்தல்" பில்லா, சாமான் வரிசையா என்பதை நாமும் அக்கம்பக்கத்தைப் பார்த்துத்தானே முடிவு செய்கிறோம்?

இப்போது சாட்ஜிபிடி போன்ற பெருமொழி மாதிரிகளிடம் இதைக் கேட்கிறார்கள். பரிந்துரைகள் நன்றாகவே வருகின்றன. ஆனால் ஆன்டாலஜியில் இல்லாத முகவரியையும் அதே தைரியத்தோடு எழுதித் தரும். அதனால் இரண்டு காவல்கள் போடுங்கள். பரிந்துரைத்த முகவரி உண்மையில் இருக்கிறதா என்று நிரல் சரிபார்க்க வேண்டும். ஒன்றைத் தானாக ஏற்றாமல், மூன்று நான்கைக் காட்டி மனிதரைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும்.

கட்டங்களின் பெயர்கள் தமிழில் இருந்தால் வேலை செய்யுமா?

கையால் ஏற்றுவதற்குத் தடையே இல்லை. ஒரு கருத்துருவுக்கு எத்தனை மொழியிலும் பெயர் வைக்கலாம். தமிழ்ப் பெயருக்குத் தமிழ் மொழிக்குறியைச் சேர்த்து, பில், இன்வாய்ஸ், பட்டியல், விலைச்சிட்டை எல்லாவற்றையும் மாற்றுப் பெயர்களாகப் போட்டுவிடுங்கள்.

தானாகப் பொருத்துவதில்தான் சிக்கல். பழைய கருவிகள் ஆங்கிலத்தின் "வினை முன்னே, பொருள் பின்னே" என்ற வடிவத்தை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. நம்மிடம் "விண்ணப்பத்தைச் சரிபார்த்தல்" என்று பொருள் முன்னே வருகிறது, அதுவும் வேற்றுமை உருபோடும், ஒற்று மிகுந்தும். "விண்ணப்பம்" என்று தேடினால் "விண்ணப்பத்தை" கிடைக்காது. உருபைக் கழற்றும் ஒரு படி முன்னால் வேண்டும்.

இன்னொன்று சிறியது, ஆனால் நாள்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும். யூனிகோடில் "கொ" என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் ஒன்றுபோலத் தெரியும், ஒப்பிட்டால் சமமில்லை என்று வரும். இதையாவது யூனிகோடின் இயல்பாக்கம் (ஒரே எழுத்தின் மாற்று வடிவங்களை ஒன்றாக்குவது) சரிசெய்துவிடும். "ஔ" எழுத்துக்குப் பதில் "ஒ"வையும் "ள"வையும் பக்கத்தில் பக்கத்தில் தட்டியவரை எந்த இயல்பாக்கமும் காப்பாற்றாது.

தருக்கப் பொறி தவறுகளைக் கண்டுபிடிக்கும் என்கிறார்கள். உண்மையா?

முரண்பாட்டைக் கண்டுபிடிக்கும், விடுபட்டதைக் கண்டுபிடிக்காது. தருக்கப் பொறி என்பது ஆன்டாலஜியின் விதிகளிலிருந்து முடிவுகளை வருவிக்கும் மென்பொருள். ஹெர்மிட், பெல்லட் போன்ற பொறிகள் திறந்த உலகக் கொள்கையில் இயங்குபவை: சொல்லாதது இல்லை என்று பொருளல்ல, இன்னும் தெரியவில்லை என்றே பொருள். "ஒவ்வோர் ஒப்புதலுக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு" என்று விதி எழுதிவிட்டு, படத்தில் பொறுப்பாளரைக் குறிக்காமல் விட்டால், பொறி புகார் சொல்லாது. எங்கோ ஒருவர் இருப்பார் போலும் என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் ஒரே கட்டத்தை "கோரிக்கை" என்றும் "ஒப்புதல்" என்றும் குறித்து, அவை இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது என்று எழுதியிருந்தால் உடனே பிடித்துவிடும்.

விடுபட்டதைப் பிடிக்க ஷேக்கிள் என்ற மொழி இருக்கிறது, 2017இல் டபிள்யூ3சி பரிந்துரையாக வந்தது. இந்த வேறுபாடு தெரியாமல் ஓடபிள்யூஎல்லில் விதிகள் எழுதி, "எல்லாம் பச்சையாக இருக்கிறது" என்று மகிழ்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குறிப்பேற்றினால் செயல்முறை தானாக ஓடுமா?

ஓடாது. ஒரு காலத்தில் அந்தக் கனவு இருந்தது. 2007இல் வந்த எஸ்ஏடபிள்யூஎஸ்டிஎல் என்ற தரம் வலைச்சேவைகளின் (இணையம் வழியே மற்ற நிரல்கள் அழைக்கும் சேவைகள்) விவரக் கோப்பிலேயே கருத்துருவைச் சுட்ட வழி செய்தது. இன்று குறிப்பேற்றம் தேடலுக்கும் ஒப்பீட்டுக்கும் தணிக்கைக்கும்தான்.

எப்போது இந்த வேலையே வேண்டாம்?

உங்களிடம் பத்துப் படங்கள்தான் இருந்து, அவற்றை வரைந்தவர்கள் பக்கத்து அறையில் இருந்தால் வேண்டாம். எழுந்து போய்க் கேளுங்கள். குறிப்பேற்றிய பிறகு நீங்கள் கேட்கப்போகும் ஐந்து கேள்விகளை இன்றே ஒரு தாளில் எழுத முடியாவிட்டாலும் வேண்டாம். "தனிப்பட்ட தகவலைத் தொடும் கட்டங்கள் எந்தெந்தப் படங்களில் உள்ளன?" போன்ற கேள்வி ஒன்று கையில் இருந்தால், எந்தக் கட்டங்களில் எந்த ஆழத்துக்குக் குறிப்பேற்ற வேண்டும் என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும், மீதிக் கட்டங்களைத் தொடவே வேண்டாம். எல்லாவற்றிலும் ஏற்றுகிறேன் என்று கிளம்பியவர் பாதி வழியில் நின்றால், இல்லாத குறிப்பு "பொருந்தவில்லை" என்பதா "இன்னும் பார்க்கவில்லை" என்பதா என்று பிறகு யாருக்கும் தெரியாது.

ஆன்டாலஜியே மாறினால் பழைய குறிப்புகள் என்ன ஆகும்?

முகவரியை ஒருபோதும் அழிக்காதீர்கள், வேறு பொருளுக்கு மறுபடி பயன்படுத்தவும் செய்யாதீர்கள். ஓடபிள்யூஎல் இரண்டாம் பதிப்பில் "வழக்கொழிந்தது" என்று அடையாளமிடும் வசதி உண்டு. ஜீன் ஆன்டாலஜிக்காரர்கள் வழக்கொழிந்த சொல்லோடு "இதற்குப் பதில் இது" என்றோ, உறுதியில்லாதபோது "இவற்றைப் பரிசீலிக்கவும்" என்றோ எழுதி வைக்கிறார்கள். முதல் வகையை நிரலே மாற்றிவிடலாம். இரண்டாவது வகைக்கு அந்தப் படத்தை அறிந்தவர் மறுபடி வந்து உட்கார வேண்டும், அதனால் ஒவ்வொரு குறிப்போடும் அதை ஏற்றியவர் பெயரையும் தேதியையும் பதிந்து வையுங்கள்.